அவர் கால் வைத்த இடம்

போன வருஷம் ஐப்பசி மாதம், வயல்களில் பிசான நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. களக்காட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரிக்கு, என் வீட்டுக்காரரைப் பின் சீட்டில் உட்கார வைத்து நான் முதல் தடவையாகக் கார் ஓட்டிக்கொண்டு போனேன்.

எனக்கு வயது அறுபத்திரண்டு. நாலாம் வகுப்போடு நின்று பீடி சுற்ற உட்கார்ந்தவள். வேற்று ஆள் வீட்டுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்லுவேன். என் வீட்டுக்காரர் முப்பத்தைந்து வருஷம் வாடகைக் கார் ஓட்டியவர். சர்க்கரையால் அவருடைய வலது காலை முட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண் ஆறவே இல்லை. வாரம் இரண்டு நாள் கட்டு மாற்றப் போக வேண்டும். பஸ் படி ஏற முடியாது. ஒரே மகள் மும்பையில் இருக்கிறாள். கூப்பிட்ட டிரைவர்கள் இரண்டு தடவை வந்தார்கள், மூன்றாம் தடவை போனையே எடுக்கவில்லை. அவருடைய பழைய வெள்ளைக் கார் வாசலில் சும்மா நின்றது. அதனால் நான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன்.

"ஆச்சி, இது பீடித் தட்டு இல்ல, ஸ்டியரிங்கு. குனிஞ்சே இருந்தா எப்படி? ரோட்டப் பாருங்க" என்று மாஸ்டர் கேலி செய்வார். கூட வந்த பிள்ளைகள் சிரிக்கும். வெட்கத்தில் காது சுடும். ஆனாலும் மறுநாள் போய்விடுவேன். வலது கால் ஒன்று பிரேக்கில் இருக்கணும், இல்லை ஆக்சிலேட்டரில் இருக்கணும், இரண்டிலும் வைக்கவே கூடாது என்று அவர் சொல்லிக்கொடுத்ததை மனப்பாடமாகப் படித்து லைசென்ஸும் வாங்கிவிட்டேன்.

அந்த முதல் பயணத்தில் வேகத்தடை வந்தால், வாய்க்கால் பாலம் வந்தால், ஆடு குறுக்கே வந்தால் பிரேக்கை மிதித்து, மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினேன். கிளட்சை விட்டதும் கார் ஒவ்வொரு தடவையும் உதறியது. கண்ணாடியில் பார்த்தால், அவர் இரண்டு கையாலும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கா?"

"இல்லட்டி. நீ ரோட்டப் பாரு."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேட்டியை ஒதுக்கினாள். "கட்டு பூரா ரத்தமால்லா இருக்கு! எதுல வந்திய?"

"ரோடு ரொம்ப மோசம், சிஸ்டர்" என்றார் அவர்.

ரோடு நல்ல ரோடு. போன மாதம்தான் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை இந்த மனுஷன் எனக்காகப் பொய் சொல்லக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நீங்க ஓட்டும்போது குலுங்காதே. என்ன செய்விய?"

"கியரக் கொறைக்கும்போது பிரேக்க மிதிச்சபடியே ஆக்சிலேட்டரயும் ஒரு தட்டு தட்டணும்."

"ஒரே காலாலயா? மாஸ்டர் கூடாதுன்னாரே."

"அவரு புது வண்டிக்குச் சொல்லுதாரு. நம்ம கிளட்சு தேஞ்சது, பட்டுன்னு பிடிக்கும். இஞ்சினு மெதுவாச் சுத்திக்கிட்டு இருக்கும்போது நீ கிளட்ச விடுத. சக்கரம் வேகமா ஓடுது. ரெண்டும் மோதிக்கிட்டா உதறத்தான செய்யும்? இஞ்சினக் கொஞ்சம் எழுப்பிவிட்டா மோதாது."

"சரி, கால எப்படி வைக்கணும்?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். வேட்டிக்குள் அந்தக் குறைக்கால் மெதுவாகச் சாய்ந்து அசைந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு, "அது காலுக்குத் தெரியும்ட்டி. எனக்குச் சொல்லத் தெரியல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. பீடி இலையின் நுனியை எப்படி மடக்குகிறாய் என்று என்னைக் கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. விரல் பாட்டுக்கு மடக்கும், நான் பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் காலை கார் கதவைத் திறந்து, தரையில் குத்தவைத்து, மிதிகளை ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். பிரேக் மிதியின் ரப்பர் நடுவில் நன்றாக இருந்தது, வலது ஓரம் மட்டும் இரும்பு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஆக்சிலேட்டரில் இடது ஓரம் வழுவழு என்று ஆகியிருந்தது. முப்பத்தைந்து வருஷம் அவர் கால் நின்ற இடம் அதுதான். யாரும் எனக்கு வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சீட்டை முன்னால் தள்ளி, முதுகுக்குத் தலையணை வைத்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தத் தேய்ந்த இடத்தில் என் காலை வைத்தேன். என் கால் சின்னது, ஆக்சிலேட்டர் எட்டவில்லை. பிரேக் மிதி மேலே இருந்தது, மற்றது கீழே இருந்தது. பிரேக்கை நன்றாக அமுக்கிய பிறகுதான் இரண்டும் ஒரு மட்டத்துக்கு வந்தன. அப்போது பாதத்தை வலது பக்கம் லேசாகச் சாய்த்தால் சுண்டுவிரல் பக்கம் ஆக்சிலேட்டரில் போய்ப் பட்டது.

இஞ்சினைப் போடாமல் நூறு தடவை மிதித்துப் பார்த்திருப்பேன். அப்புறம் பொத்தைக் குன்றுக்குக் கீழே இருக்கிற பொட்டலில் காரை ஓட்டிப் பழகினேன். அங்கேதான் ஒரு சிக்கல். பாதத்தைச் சாய்க்கும்போதெல்லாம் கால்விரலில் கிடந்த மிஞ்சி அந்த வெறும் இரும்பில் வழுக்கியது. ஒரு தடவை பிரேக்கை விட்டே கால் நழுவி, கார் முள்ளுக்குள் போய் நின்றது. பின்னால் அவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

வீட்டு வாசலில் உட்கார்ந்து சோப்பு போட்டு வலது கால் மிஞ்சியைக் கழற்ற ஆரம்பித்தேன். கல்யாணத்தன்று போட்டது. பக்கத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள் பதறிவிட்டாள். "ஏக்கா, என்ன காரியம் செய்யுத? அண்ணாச்சி குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது மிஞ்சியக் கழத்தலாமா?"

என் கை நின்றுவிட்டது. எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "நான் காலையே கழத்திப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். அவ ஒரு மிஞ்சியக் கழத்துனா என்ன குடி முழுகிரும்?"

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மிஞ்சியைக் கழற்றிவிட்டேன்.

பத்து நாள் அந்தப் பொட்டலே கதி. அதுவரை ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வொரு தடவையும் வண்டி முன்னைவிடக் குறைவாக உதறியது. ஆனாலும் அவர் கை சீட்டை விடவில்லை.

அடுத்த தடவை போனபோது சேரன்மகாதேவி தாண்டி ஒரு வயலிலிருந்து டிராக்டர் திடீரென்று ரோட்டுக்கு ஏறியது. பிரேக்கை அமுக்கினேன். நான் நினைக்கும் முன்பே கால் தானாகச் சாய்ந்தது. இஞ்சின் ஒரு முறை உறுமியது, இரண்டாம் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது, கிளட்சை விட்டேன். கார் ஒரு உதறல்கூட உதறவில்லை. பிரேக்கைப் பிடித்தபடியே டிராக்டருக்கு ஒரு முழம் பின்னால் பைய நிறுத்தினேன்.

பின்னாலிருந்து ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். சீட்டைப் பிடித்திருந்த கை மடியில் கிடந்தது. தலை கதவுப் பக்கம் தொங்கியிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. காரை ஓரங்கட்டிவிட்டு, "ஏங்க! ஏங்க!" என்று கத்திக்கொண்டே பின் கதவைத் திறந்து அவர் தோளை உலுக்கினேன்.

அவர் கண்ணைக் கசக்கினார். "என்னட்டி, ஆஸ்பத்திரி வந்தாச்சா?"

தூங்கியிருக்கிறார்! அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் அவர் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. மகள் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குப் போகும்போதுகூட, மருமகன் ஓட்ட ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தவர்.

"இல்ல, இன்னும் தூரம் இருக்கு. தூங்குங்க" என்றேன். அழுகையை அவருக்குக் காட்டாமல் முன்னால் வந்து உட்கார்ந்தேன். அன்று கட்டைப் பிரித்தபோது துணி வெள்ளையாக இருந்தது.

இப்போது புண் ஆறிவிட்டது, பொய்க்கால் அளவெடுக்கப் போய் வருகிறோம். வாய் திறந்து பாராட்டி அவருக்குப் பழக்கமில்லை, கேட்டு எனக்கும் பழக்கமில்லை. ஆனால் கண்ணாடியில் அவர் தலை சாய்வதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், கூச்சப்பட்டே கழித்த என் ஆயுசில் ஒரு காரியத்தை முழுசாகப் படித்துவிட்டேன் என்று மனசு நிமிர்ந்துகொள்கிறது.