வழி தவறிப்போக முடியாத பாதை

சபையார் எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. உடம்பும் களைத்திருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் செய்ததை மூடி வைக்க மனம் வரவில்லை.

என் கணவருக்கு மறதி நோய். கடலூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கீரப்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்தார். "மாத்திரை நோயைக் கொஞ்சம் தள்ளிப்போடும்மா, சரியாக்காது" என்றார் சிதம்பரம் டாக்டர்.

மறதியைக்கூடத் தாங்கினேன். அவர் வெளியே போவதைத்தான் தாங்க முடியவில்லை. திடீரென்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"எங்கங்க போறீங்க?"

"ஆபீசுக்கு டைம் ஆச்சு. வுடு."

கதவைப் பூட்டினால் ஓங்கி ஓங்கித் தட்டுவார். திறந்தால் நடப்பார். உலை கொதிக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டு பின்னாலேயே ஓடுவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் கால் இரண்டும் வீங்கிப்போயின.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது கதவு திறந்து கிடந்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தேடினேன். சாயங்காலம் ஒரு போன் வந்தது. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ரயிலடியில் பூ விற்கிற ஓர் அம்மா, அவர் சட்டைப் பையில் நான் வைத்திருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். போய்ப் பார்த்தால் இவர் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் அழுது ஜெபித்தேன். "ஆண்டவரே, இவரை ஓர் இடத்தில் உட்கார வையும். இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும்." இரண்டும் நடக்கவில்லை. ஜெபிப்பதே அலுத்துப்போனது.

லெந்து உபவாச காலம் வந்தது. ஆலயத்துக்குப் பின்னால் இருந்த காலி மனையில் ஒரு தியானப் பாதை போடலாம் என்று போதகரம்மா சொன்னார். வளைந்து வளைந்து நடுவே போய்ச் சேரும் ஒரே பாதை. கிளை கிடையாது. போன வழியிலேயே திரும்பி வர வேண்டும். ஜெபித்துக்கொண்டே நடப்பதற்காக. நடுவில் ஒரு முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு இழுத்தார்கள். கோட்டின் மேல் இடித்த சுவரின் செங்கல்லை அடுக்கினோம். வீட்டில் விட முடியாததால் அவரையும் கூட்டிப் போயிருந்தேன்.

நான் செங்கல் எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தால் அவர் பாதைக்குள் நடந்துகொண்டிருந்தார். பிடிக்க ஓடினேன்.

"வுடுங்கக்கா, நடக்கட்டும்" என்றார் போதகரம்மா.

"கோடெல்லாம் அழிச்சிடுவாரும்மா."

"அழிஞ்சா மறுபடி போட்டுக்கலாம். நீங்க செத்த ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். அவர் நடு வரைக்கும் போனார். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு திரும்பினார். ஒவ்வொரு வளைவாக நடந்து நேராக என்னிடம் வந்தார். எத்தனையோ முறை என்னை விட்டுப் போனவர். யாரும் தேடாமல், யாரும் பிடித்து இழுக்காமல் தானாகத் திரும்பி வந்தது அன்றைக்குத்தான். மண்ணில் உட்கார்ந்தபடியே அழுதேன். நிறுத்தும் என்று நான் கேட்டேன். ஆண்டவரோ இவருக்கு நடக்க இடம் கொடுத்தார்.

இப்போது தினமும் சாயங்காலம் போகிறோம். அவர் நடப்பார், நான் உட்கார்ந்திருப்பேன். சில நாள் அங்கேயே தூங்கிவிடுவேன். மழையில் செங்கல் சேற்றில் புதைந்தால் சபைப் பெண்கள் எடுத்து வைத்துவிடுகிறார்கள். வீட்டுக் கதவை அவர் தட்டுவது குறைந்துவிட்டது. நோய் குணமாகவில்லை. இன்னும் கூடிக்கொண்டுதான் போகிறது. என் பெயர்கூட அவருக்கு இப்போது தெரியாது.

போன வாரம் நடந்து முடித்து என் எதிரில் வந்து நின்றார்.

"எனக்காகவா ஒக்காந்திருக்கீங்க?"

"ஆமாங்க."

"ரொம்ப டயர்டா இருக்கீங்களே. எந்திரிங்க, வீட்டுக்குப் போவலாம்" என்று கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். என் தேவனுக்குக் கோடி ஸ்தோத்திரம். என்னைப் போலக் களைத்துப்போய், ஜெபிக்கவும் தெம்பில்லாமல் இங்கே யாராவது இருந்தால், ஒரு சாயங்காலம் எங்களோடு வாருங்கள். ஒன்றும் கேட்க வேண்டாம். சும்மா வந்து பக்கத்தில் உட்காருங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.