ஏகாம்பரத்துக்கு ஏறிப்போன சிவப்பணு

ரத்தம் குத்தி எடுக்கிறவளைக் கண்டால் சொந்தக்காரர்களே விரலை மடக்கிக்கொள்வார்கள். எண்பதுகளில், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, உத்திரமேரூரில் ஒரு ஆஸ்பத்திரிப் பரிசோதனை அறையில் உதவியாளராக இருந்தேன். ஊசியோடு பிழைத்தவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

கொண்டாட்டம்

நெல் அவிக்கும் மில்லில் அடுப்பு பார்க்கும் ஏகாம்பரம் தலைசுற்றல் என்று வந்தார். ரத்தசோகையையே பார்த்துச் சலித்த எங்களுக்கு அவர் ரத்தம் அதிசயம்: சிவப்பணு அளவுக்கு மேல்! "இறங்கலேன்னா மெட்ராஸ்தான். எலும்புக்குள்ள ஊசி விட்டுப் பாப்பாங்க" என்றார் டாக்டர். மனைவி கஸ்தூரி அழ ஆரம்பித்தாள். ஏகாம்பரமோ மீசையைத் தடவிக்கொண்டார்: "ரத்தம் கம்மின்னா அழு. ஜாஸ்தியாத்தானே கீது, இன்னாத்துக்குடி அழுவுற?"

பச்சைத் தண்ணி

பேதியான என் பிள்ளைக்குப் பார்ப்பதுபோல் அவரை நாக்கை நீட்டச் சொன்னேன். காய்ந்து கிடந்தது. முதலில் வந்தபோது, ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வாருங்கள் என்றதற்கு, தீ மிதிக்க விரதம் இருப்பதுபோல் முந்தின சாயங்காலத்திலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படாமல், வெயிலில் நடந்தே வந்திருக்கிறார்! உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தம் சுண்டிய பால் மாதிரி கெட்டியாகி, அணுக்கள் அதிகமாகத் தெரியுமாம். மறுநாள் தண்ணீர் குடிக்கவைத்து எடுத்தோம். இறங்கியது, ஆனால் போதவில்லை. கஸ்தூரி சொன்னாள்: "தண்ணியிலதான் வைத்தியம் கீதுன்னா சொல்லுக்கா, கெணத்துலயே எறக்கிடறேன்!"

மஞ்சள் விரல்

குத்தப் பிடித்த விரலில் நகம் வரை மஞ்சள் கறை. "பீடி உண்டாண்ணே?" "சேச்சே!" டாக்டர் எதிரில் எந்த ஆம்பளை ஒத்துக்கொள்வான்? டாக்டர் நகர்ந்ததும் கஸ்தூரி போட்டு உடைத்தாள். ஒரு நாளைக்கு மூன்று கட்டு பீடி. சாப்பாடு, மதியத் தூக்கம் எல்லாம் உமிப்புகை மூடிய அடுப்பறையிலேயே.

டாக்டரிடம் ஓடினேன். புகை அதிகமானால் ரத்தம் சுமக்கும் பிராணவாயு குறையும். அதை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுவைப் பெருக்கும் என்றார். நுரையீரல், சிறுநீரகக் கோளாறிலும் ஏறலாம் என்று அவற்றையும் பார்த்தார், பழுதில்லை. பீடிக்குத் தடை போட்டு, நெல் காயவைக்கும் களத்து வேலைக்கு மாறச் சொல்லி, மூன்று மாதத் தவணை கொடுத்தார். கஸ்தூரி கையை உதறினாள்: "இனிமே பீடிய தொட்டா, மெட்ராஸு இன்னாத்துக்கு, நானே ஊசி போடறேன்!"

தவணை முடிந்தது

அணு சரியான அளவில் நின்றது. மெட்ராஸ் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் கஸ்தூரி என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். ஏகாம்பரம் என் காதோரம் குனிந்தார்: "பீடிய வுட்டப்புறம்தான் நாக்குக்கு ருசி தெரியுது தங்கச்சி. இத்தினி வருசமா இவ கொளம்பு இப்டிதான் இருந்துதா?"

அணுவை எண்ண மைக்ராஸ்கோப் போதும்; அது ஏன் ஏறியது என்று தெரிய ஆளின் பெண்டாட்டியைத்தான் பிடிக்க வேண்டும்.