மூச்சு விட்றாத

மதுரை கே.கே. நகரில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் காலை ஆறு மணிக்கு யோகா வகுப்பு. பிரஷர் குறையட்டும் என்றுதான் சேர்ந்தேன். மாஸ்டருக்கோ ஆசனத்தோடு நிறுத்த மனமில்லை. முதலில் அகிம்சை, அடுத்து சத்தியம், இவை இல்லாத மூச்சுப்பயிற்சி வெறும் காற்று என்பார். இட்லி ஊற்றாமல் ஓடி வந்தவளுக்கு எரிச்சலாக வரும்.

அந்த வாரம் எழுமலையிலிருந்து அண்ணனும் மதினியும், அண்ணனின் வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுக்க வந்திருந்தார்கள். ரிப்போர்ட் வாங்க, அண்ணனை வீட்டில் விட்டுவிட்டு மதினியும் நானும் போனோம். டாக்டரைப் பார்க்க நான் மட்டும் உள்ளே போனேன். கணையத்தில் கட்டி, நாள் அதிகமில்லை என்றார். வெளியே காத்திருந்த மதினியிடம் சொன்னேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"உங்க அண்ணன்கிட்ட மூச்சு விட்றாதம்மா. தெரிஞ்சா அந்த மனுசன் இன்னைக்கே படுத்துருவாரு. எனக்குத் தெரியும்கிறதும் அவருக்குத் தெரிய வேணாம்."

வீட்டில் அண்ணன் முகத்தைப் பார்த்து, "அல்சர்தாண்ணே" என்றேன். மதினி பக்கத்தில் நின்று, "நான்தான் அப்பவே சொன்னேன்ல, காரத்தக் குறைங்கன்னு" என்று சிரித்தார்.

மறுநாள் மாஸ்டரிடம் கேட்டேன். உண்மை ஒருவரை வதைக்குமென்றால் எது முதலில்?

"அகிம்சைதாம்மா. வரிசையே அப்படித்தான."

ஆறுதலாக இருந்தது. மாடிப்படி இறங்குவதற்குள் அது போய்விட்டது. தோட்டத்தை யாரிடம் விடுவது, யாரைப் போய்ப் பார்ப்பது என்று அண்ணனுக்கு எம்புட்டோ இருக்குமே. உண்மையை மறைப்பது மட்டும் இம்சை இல்லையா?

ஊருக்கு வழியனுப்பப் போன ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் மதினி பழம் வாங்கப் போனார். சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"தெரியும்த்தா. போன மாசம் தேனி ஆஸ்பத்திரியிலயே எங்கிட்ட சொல்லிட்டாக. வீட்டுல வெறும் வயித்துவலின்னுட்டேன். உங்க மதினி மனசு கேக்காம இங்க இழுத்துட்டு வந்தா." பழக்கடையைப் பார்த்தபடியே சொன்னார். "நல்லவேள, அல்சர்னு சொல்லி அவளக் காப்பாத்துன. அவகிட்ட மட்டும் மூச்சு விட்றாத. தாங்கமாட்டா."

மதினி வந்தார். பஸ்ஸில் ஏறி, ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாக அவரிடம் கொடுத்தார். இருவரும் அல்சர் பத்தியம் பேசிக்கொண்டே போனார்கள்.

மறுநாள் வகுப்பில் மாஸ்டர், "இழுங்க, நிறுத்துங்க, இப்ப மெதுவா விடுங்க" என்றார். எல்லோரும் விட்டார்கள்.

"நீங்க ஏம்மா இன்னும் விடல?" என்று கேட்டார்.