ஒற்றைத் தும்மலும் ஒரு படி கேழ்வரகும்

காய்ந்த கசட்டை எருவாகக் கொடுக்கும் வேலைக்கு வந்துவிட்டால், நம் வண்டியைக் கண்டதும் எதிரில் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வதற்குப் பழகிவிட வேண்டும். வண்டி காலியாக இருந்தாலும் பொத்துவார்கள்.

வீடு வீடாகப் போய் எதையாவது ஒப்புக்கொள்ள வைப்பதையே பிழைப்பாகக் கொண்ட என் இனத்தாரே! காப்பீட்டு முகவர்களே, கணக்கெடுக்கப் போகும் ஆசிரியர்களே, தடுப்பூசிப் பெட்டியோடு நடக்கும் செவிலியர்களே, உங்களுக்கு இது புரியும். தர்மபுரி மாவட்டத்துச் சிற்றூர்களின் செப்டிக் டேங்குகளில் உறிஞ்சப்படுவது லாரியில் எங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. தண்ணீர் பிரிந்து போக, மிச்சம் தட்டையான படுகைகளில் வெயிலில் காய்கிறது. மாதக்கணக்கில் குவித்து வைத்து, பரிசோதனைக்கு அனுப்பி, அறிக்கை சரியாக வந்த பிறகு விவசாயிகளுக்குக் கொடுக்கிறோம். விவசாயியைக் கண்டுபிடிப்பதும் விண்ணப்பப் பாரம் நிரப்புவதும் அக்கம்பக்கத்துக்காரர்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பாப்பிரெட்டிப்பட்டியில் என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் அம்மா 'மண்ணு டிபார்ட்மெண்ட்' என்று சொல்லி முடித்துவிடுகிறார். நானும் திருத்துவதில்லை.

மோந்து பார்த்தவர்

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டதுதான். சொன்னவர் எங்கள் டிராக்டர் டிரைவர் கோவிந்தண்ணன். நிலையம் திறந்த அன்று ஊர்க்காரர்கள் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்களாம். யார் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. திறக்க வந்த பெரிய அதிகாரி மேடையிலிருந்து இறங்கி, ஓரமாகக் குவித்திருந்த எருவில் ஒரு கை அள்ளி, எல்லோரும் பார்க்க மூக்கருகே வைத்து நிதானமாக மோந்து பார்த்தாராம். "மழை பேஞ்ச மண்ணு வாசம்தான் வருது" என்றாராம். அதோடு வேலி திறந்துவிட்டதாம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். யாராவது முரண்டு பிடித்தால் என்ன செய்வது என்ற பயம் கொஞ்சம் குறைந்தது. கோவிந்தண்ணன் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எழுதறதுக்கு இதுல என்ன தங்கச்சி இருக்குது? வேணும்னா நீயும் ஒரு நாளைக்கு மோந்து பாரு, அவ்வளவுதான்."

எந்த ஊருது?

பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பெருமாள் என்பவர் ஒரு ஏக்கருக்கு எரு கேட்டார். கிணற்றுப் பாசனம், மாசியில் கேழ்வரகு விதைத்து ஆனிக்குள் அறுப்பதாகத் திட்டம். எனக்கு நிம்மதி. பச்சையாகத் தின்னும் தக்காளிக்கும் கீரைக்கும் நாங்கள் இதைக் கொடுப்பதில்லை. வேகவைத்துச் சாப்பிடும் தானியத்துக்குக் கொடுக்கலாம். பாரத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தேன். அவர் மனைவி செல்வி கதவோரம் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தக் கேவுர ஆடியில அம்மனுக்குக் கூழு ஊத்தப் போடலாமுங்களா?"

அந்த ஊரில் ஆடிக் கூழுக்கு வீட்டுக்கு ஒரு படி மாவு கூடையில் வாங்குவார்கள். எல்லா வீட்டு மாவும் ஒரே அண்டாவில் கரைந்து, ஊரே குடிக்கும். யார் வீட்டு மாவை வாங்காமல் கூடை தாண்டிப் போகிறதோ அந்த வீடு ஊரோடு இல்லை என்று அர்த்தம். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பரிசோதனை அறிக்கை கையில் இருந்த தைரியத்தில், "தாராளமா போடலாமுங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த 'தாராளமா' என்ற சொல் ஆடி வரைக்கும் என்னைத் தூங்கவிடவில்லை.

பெருமாளின் கவலை வேறாக இருந்தது. இது எந்த ஊருது என்று கேட்டார். நாலைந்து ஊர் லாரிகள் வரும், எல்லாம் கலந்துதான் காயும் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாரண்டஹள்ளி லோடு மட்டும் தனியா கெடைக்காதுங்களா? அங்க காய்கறி நெறைய சாப்புடுவாங்க."

பாரத்தில் இல்லாத கிணறு

எங்கள் பாரத்தில் 'கிணற்றுக்கு உள்ள தூரம்' என்று ஒரு கட்டம் உண்டு. பெருமாளின் கிணற்றிலிருந்து எரு இறக்கும் இடம் வரை நடந்து, காலடியை எண்ணி, எண்பது என்று எழுதினேன். கோவிந்தண்ணன் எருவைக் கொட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை போன் வந்தது. பக்கத்துக் காட்டு மாதம்மாள் நேரில் வரச் சொன்னார்.

ஐம்பது வயதிருக்கும். தனியாக இரண்டு ஏக்கர் பார்க்கிறவர். என்னைப் பார்த்ததும் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "என்ன படிச்சிருக்கிற பாப்பா?" என்றார். எம்.எஸ்சி. என்றேன். "அப்ப எண்ணத் தெரியும். வா" என்று கூட்டிப்போனார். எருக் குவியலிலிருந்து வரப்பைத் தாண்டி, காட்டாமணக்கு வேலிக்குப் பின்னால் என்னை எண்ணி நடக்கவிட்டார். இருபத்திரண்டாவது அடியில் ஒரு கிணறு. அவருடையது. அவர் குடிக்கிற தண்ணீர்.

பாரம் விவசாயியின் கிணற்றைத்தான் கேட்டது, நானும் அதைத்தான் அளந்தேன். வேலிக்குப் பின்னால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். குவியலை அன்றே மறுகோடிக்கு மாற்றவும், வரப்போரம் அகலமாக ஒரு துண்டு எரு போடாமல் விடவும், அவர் கிணற்றுத் தண்ணீரை உடனே ஒருமுறையும் அறுவடைக்குப் பிறகு ஒருமுறையும் பரிசோதிக்கவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மாதம்மாள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார்: "உங்க பாரத்துல எங்கிணறு இல்லன்னா, எங்கிணத்துல தண்ணி இல்லாம போயிடுமா பாப்பா?"

ஒற்றைத் தும்மல்

விஷயம் ஊர்க்கவுண்டர் காதுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. உழுது விதைப்பது பெருமாள் இஷ்டம், அந்தக் கேழ்வரகைக் கூழுக்கு வாங்குவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. அன்றுதான் எனக்குக் கூடையின் அர்த்தம் தெரிந்தது. செல்வி பெண்கள் பக்கம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பெண்கள், பெரியவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அறிக்கையைப் படித்தேன். நோய்க்கிருமி அளவுக்குள், உலோகம் அளவுக்குள், புழு முட்டை இல்லை என்றேன். "முட்டையெல்லாம் வேற எண்ணுவீங்களா?" என்று ஒருவர் கேட்டார். சிரித்தார்கள். அறிக்கையை யாரும் நம்பவில்லை என்று தெரிந்தது. நோட்டுக் கதை ஞாபகம் வந்தது. நிலையத்தைத் திறந்து வைத்த அதிகாரி மோந்து பார்த்ததைச் சொன்னேன். "அவரு மோந்தாரு சரி. நீ?" என்றார் ஊர்க்கவுண்டர். கவரில் கொண்டுபோயிருந்த எருவை ஒரு கை எடுத்து, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தேன். பழைய கோணிச் சாக்கு வாசம்தான் வந்தது. கூடவே தூசியும் ஏறியது. தும்மினேன்.

ஒரு தும்மல்.

கூட்டம் அப்படியே நின்றது. நல்ல காரியம் பேசும்போது ஒற்றைத் தும்மல் தடை. இரண்டாவது விழுந்தால் குற்றமில்லை. எல்லோரும் என் மூக்கையே பார்த்தார்கள். சூரியனைப் பார்க்கச் சொன்னார் ஒருவர், பார்த்தேன். பொடி டப்பாவை நீட்டினார் இன்னொருவர், போட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியதே தவிரத் தும்மல் வரவில்லை. "சும்மா ஒண்ணு தும்மிடு தங்கச்சி, யாருக்குத் தெரியப்போவுது" என்று கோவிந்தண்ணன் பின்னாலிருந்து கிசுகிசுத்தார். கிசுகிசுப்பு அவருக்கு வராது. முன்வரிசை முழுக்கக் கேட்டது. பொய்யாக ஒன்று தும்மிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கூட்டத்தில் மாதம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வரலீங்க" என்றேன். ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "தும்மலும் முடியல, பேச்சும் முடியல. ஆடிக்கு இன்னும் நாள் கெடக்குது, அப்பப் பாத்துக்கலாம்."

கெட்டுப்போன தண்ணீர்

கேழ்வரகு நன்றாக வந்தது. நான் வாரம் ஒருமுறை போவேன். போகும்போதெல்லாம் மாதம்மாள் வரப்பில் நின்றுகொண்டிருப்பார். பெருமாள் காட்டில் களை எடுக்கிறார்களா, தண்ணீர் பாய்கிறதா, வாசம் வருகிறதா, எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு இருந்தது. என்னைவிட ஒழுங்காகக் கண்காணித்தார். சம்பளம் மட்டும் எனக்கு வந்தது.

அறுவடை முடிந்ததும் சொன்னபடி அவர் கிணற்றுத் தண்ணீரை இரண்டாவது முறை எடுத்துப் போனேன். முடிவு வந்தது. எருவைப் பரப்புவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. எங்களால் எதுவும் சேரவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு அறிக்கையிலும் ஃபுளோரைடு அதிகம் என்று இருந்தது. முதல் முறையே அதை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். கிருமி இருக்கிறதா என்று தேடின அவசரத்தில் அந்த வரியைத் தாண்டிவிட்டேன். அதையும் ஒப்புக்கொண்டு, கிணற்றுக்குள் போர் போட்டதால் ஆழத்துத் தண்ணீர் வருகிறது, அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும், இனி குடிப்பதற்கு மட்டும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மாதம்மாள் இரண்டு காகிதத்தையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். படிக்கத் தெரியாது, ஆனாலும் வரி வரியாக விரலை ஓட்டினார். பிறகு சொன்னார்: "பீ எரு கொட்டறன்னு வந்தவ நீ. கடைசியில கெட்டது என் தண்ணிதான்னு எழுதிக் குடுக்கற."

கூழுக்கு ஒரு படி

ஆடி வந்தது. ஊர்க்கவுண்டர் திரும்பக் கூட்டம் போடவில்லை. கூடை எடுத்துப் போகும் பெண்கள் பார்த்து முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். மாவு வாங்கும் அன்று எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. இருந்தாலும் பஸ் ஏறிப் போய், தெருமுனைப் பெட்டிக்கடையில் நின்று வேண்டாத சோப்பு ஒன்றுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தேன்.

பம்பைக்காரர் முன்னால் வர, நாலு பெண்கள் மஞ்சள் துணி கட்டிய கூடையோடு வீடு வீடாக வந்தார்கள். கூடை மாதம்மாள் இடுப்பில் இருந்தது. அதைப் பார்த்ததும் சோப்பின் விலையை இரண்டாவது முறை கேட்டேன். பெருமாள் வீட்டு வாசலில் செல்வி குளித்து ஈரத் தலையோடு, படி நிறைய மாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மாவின் மேல் ஒரு செவ்வந்திப்பூ. பம்பை நின்றது. மற்ற மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டைப் பார்த்து ஒருத்தி காலைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். செல்வி படியை அவசரமாக முன்னால் நீட்டினார், பூ சரிந்து விழுந்தது.

மாதம்மாள் குனிந்து பூவை எடுத்துக் கூடையில் போட்டார். "அஞ்சு மாசமா வரப்புல நின்னு மோந்துகிட்டு இருந்தவ நானு. நாத்தம் இருந்திருந்தா மொத ஆளா நாந்தான் சொல்லியிருப்பேன். கொட்டுடி செல்வி."

லாக் புத்தகம்

கூழ் குடித்து, சோப்பையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். வருட அறிக்கை எழுதும்போது, அதிகாரி மோந்து பார்த்த கதையை முதல் பக்கத்தில் சேர்க்க ஆசைப்பட்டேன். தேதி வேண்டுமே என்று வாசல் கல்வெட்டைப் பார்த்தேன். பிறகு லாரி வரவை எழுதிவைக்கும் லாக் புத்தகத்தை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தேன். திறப்பு விழா போன வருடம் தை மாதம். முதல் லாரி உள்ளே வந்ததே மூன்று மாதம் கழித்துச் சித்திரையில். விழா அன்று எங்கள் படுகைகளில் தூசியைத் தவிர எதுவும் இல்லை. கோவிந்தண்ணனிடம் கேட்டேன். வண்டியைத் துடைத்துக்கொண்டே, "பக்கத்துப் பட்டியிலிருந்து அள்ளியாந்து கொட்டின ஆட்டுப் புழுக்கை தங்கச்சி. காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? அவரும் கேக்கல, நாங்களும் சொல்லல" என்றார்.

இந்தக் கதையை ஊர் முன்னால் சொன்னவள் நான். சனிக்கிழமை பஸ் ஏறி மாதம்மாளிடம் போனேன். அவர் குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார். அதிகாரி மோந்தது எங்கள் எரு இல்லை, தெரியாமல் சொல்லிவிட்டேன், ஊர்க்கவுண்டரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். குடம் நிறைவதைப் பார்த்தபடியே சொன்னார்: "அவரு மோந்ததுக்கா நாங்க ஒத்துக்கிட்டோம்? நீ பொய்க்காரியா இருந்தா அன்னிக்கு ரெண்டு தும்மியிருப்ப."

ஆக, எங்கள் நிலையத்து எருவை ஊர் முன்னால் முதன்முதலில் மோந்து பார்த்த ஆள் நான்தான். தும்மியது ஒரு முறை, லாக் புத்தகத்தைச் சரிபார்த்தது இரண்டு முறை.