வடக்கே போகும் தண்ணீரில் இரண்டு பேர்

ஒரு குழந்தையின் அப்பாவும் அம்மாவும் ஒரே சமயத்தில் கடலுக்கடியில் இருக்கலாமா? இந்தக் கேள்விக்கு இன்று வரை எனக்குப் பதில் தெரியவில்லை.

கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் புதுச்சேரியில் டைவிங் கற்றுக்கொண்டோம். முதுகில் காற்றுச் சிலிண்டரோடு மூழ்கும்போது தனியாகப் போகக்கூடாது, எப்போதும் ஜோடியாகத்தான் போக வேண்டும் என்பது முதல் பாடம். எங்களுக்கென்றே வைத்த விதி போல அப்போது அது இருந்தது. மகள் பிறந்த பிறகு நான் கடலில் இறங்கவில்லை. அவளுக்கு இப்போது மூன்று வயது. கணவர் மட்டும், விழுப்புரத்தில் தன்னோடு வேலை பார்க்கும் நண்பரை ஜோடி சேர்த்துக்கொண்டு போய்வந்தார். திட்டம் போட்டுத் தருவது என் வேலை. பயப்படுகிறவள் போடும் திட்டத்தில் ஓட்டை இருக்காது என்பது அவர் நம்பிக்கை.

போன மாசியில் ஒரு புது யோசனையோடு வந்தார். மரக்காணம் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தின் கரையிலிருந்து கடலில் இறங்குவது. நீரோட்டத்தோடு மிதந்தே போய், வடக்கே அடுத்த குப்பத்தில் கரையேறுவது. தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் பருவம் அது. எதிர்த்து நீந்தித் திரும்ப முடியாது. போனால் போனதுதான்.

திண்டிவனம் வீட்டில், மகளின் சாக்பீஸால் தரையில் கரையை வரைந்து காட்டினார்.

"விழுப்புரத்துல பாசஞ்சர் ஏறுனா திண்டிவனத்துல எறங்குறோம்ல, அதேதான். நாம ஒண்ணும் பண்ண வாணாம். ரயிலே இட்டுக்கினு வந்துடும்."

"தூங்கிப்போயி திண்டிவனத்த விட்டுட்டா?" என்றேன்.

"அடுத்து ஒலக்கூர்ல எறங்கிக்கலாம்."

"கடல்ல ஒலக்கூர் இருக்குதாங்க?"

பக்கத்தில் மல்லாட்டைத் தோலை உடைத்து வேர்க்கடலையை எடுத்துக்கொண்டிருந்த என் நாத்தனார் சிரித்தாள். "அண்ணி, இவரு நெஜ ரயில்லயே மேல்மருவத்தூர் வரைக்கும் தூங்கிக்கினு போனவரு. யோசிச்சி அனுப்புங்க."

யோசித்தேன். முதலில் காரை வடக்குக் குப்பத்தில் விட்டுவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் கரையேறியவர்கள் அவ்வளவு பாரத்தையும் சுமந்து மணலில் நடக்க வேண்டியிருக்கும். சாவி என்னிடம் இருக்கும். கரையேற வேண்டிய இடத்துக்கு அடையாளம், மேலே வந்து பார்த்தால் தெரியும் உயரமான தண்ணீர்த் தொட்டி. தவறவிட்டால் பதற வேண்டாம், எங்கே மேலே வந்தாலும் எதிரே மணல் கரைதான். அவர்கள் கையில் ஒரு கயிறு, அதன் மறுமுனையில் ஆரஞ்சு நிற மிதவை. அது நீரின் மேலே தெரிந்துகொண்டே வரும். நானும் நாத்தனாரும் கரையோடு அதைத் தொடர்ந்து நடப்போம். நாள், ஞாயிற்றுக்கிழமை. எல்லோருக்கும் விடுமுறை, கடலில் படகு நடமாட்டமும் குறைவாக இருக்கும் என்று நானே முடிவு செய்தேன்.

அன்று காலை அலை தணிவாக இருந்தது. அலை உடையும் இடத்தைத் தாண்டி இருவரும் மூழ்கினார்கள். மிதவை மட்டும் மிஞ்சியது. கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே ஆடியது. பிறகு நகர ஆரம்பித்தது.

நான் இந்தக் கடலைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அலை கரையை நோக்கி வரும், திரும்பிப் போகும். அதைத்தான் கடல் என்று நினைத்திருந்தேன். அந்த அலைகளுக்கு அப்பால், கரைக்குப் பக்கவாட்டில், மொத்தத் தண்ணீரும் சத்தமில்லாமல் வடக்கே நடந்துகொண்டிருப்பதை அன்றுதான் கண்டேன். அதைக் காட்டிக்கொடுக்க ஓர் ஆரஞ்சு மிதவை தேவைப்பட்டது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். மிதவை என் நடைக்குச் சரியாக வந்தது. அங்கே அடியில் அவரும் நண்பரும் கைகாலை அசைக்காமல் படுத்தபடி எங்களோடு வந்துகொண்டிருந்தார்கள். மகள் அதைப் பார்த்துக் கையாட்டினாள். "அப்பா போவுது," என்றாள்.

பாதி வழியில், தூரத்தில் ஒரு கூட்டம் தெரிந்தது. ஆணும் பெண்ணுமாக வரிசையில் நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரைவலை. படகில் போய்க் கடலில் அரைவட்டமாக விரித்துவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையிலிருந்து இழுப்பார்கள். தெற்குப் பக்கத்துக் கயிறு நீரில் இறங்கி, மிதவை போகும் பாதைக்குக் குறுக்கே விறைப்பாக நீண்டிருந்தது.

குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். தண்ணீருக்கடியில் என் கணவரும் அவர் நண்பரும் அந்தக் கயிற்றை நோக்கி வந்துகொண்டிருப்பதை மூச்சு வாங்கியபடி சொன்னேன்.

முன்னால் நின்ற பெரியவர் கையைத் தூக்கினார். இழுப்பது நின்றது. கயிறு தொய்ந்து தண்ணீருக்குள் அமிழ்ந்தது.

"ஞாயித்துக்கெழமன்னு நெனச்சித்தான்..." என்று இழுத்தேன்.

"ஞாயித்துக்கெழம உங்க ஆபீசுக்கு லீவும்மா. மீனுக்கு இல்ல," என்றார்.

கயிறு பிடித்திருந்த ஒரு பெண் கேட்டார்: "உள்ள போயி இன்னா புடிக்கிறாங்க?"

"ஒண்ணும் புடிக்கலக்கா. சும்மா பாக்கத்தான்."

"பாக்கறதுக்கா? உன் ஊட்டுக்காரரு வலைல வந்தாருன்னா எங்களுக்கும் பங்கு உண்டு, இப்பவே சொல்லிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மிதவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிதவை கயிறு இருந்த இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. தண்ணீர் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு இரண்டு தலைகள் மேலே வந்தன.

கரையேறியதும் என் கணவர் பயத்தைப் பற்றிப் பேசவில்லை. கண்கள் விரிந்திருந்தன.

"கயிறு மணல்ல கெடந்துது. புடிச்சி நின்னேன். அதுவரைக்கும் அசையாம இருக்கோம்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். நின்னப்புறந்தான் தெரிஞ்சிது, எவ்ளோ வேகத்துல வந்தோம்னு. அடியில மணலே ஓடுது. காரப்பொடி மீன் கூட்டம் தலைக்கு மேல, பூரா வெள்ளி. நீ பாக்கணும். அடுத்த தடவ நீயும் நானும்."

போக வேண்டும் என்று அந்த நிமிடத்தில் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை அவரிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. நாத்தனாரும், "நீங்க போங்க அண்ணி, பாப்பாவையும் மிதவையையும் நான் பாத்துக்கறேன்," என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

ஆனால் அன்று என்னால் ஓட முடிந்ததற்குக் காரணம், குழந்தையை வாங்கிக்கொள்ள அவள் இருந்ததுதான். நானும் அடியில் இருந்தால், அவள் யாரிடம் கொடுத்துவிட்டு ஓடுவாள்? அலை அடிக்கும் கரையில் மூன்று வயதுக் குழந்தையைத் தனியே விட முடியாது. கூட இன்னொருவரை அழைத்துக்கொள்ளலாம். குப்பத்தில் முன்கூட்டியே கேட்டு, கரைவலை இல்லாத நாளாகப் பார்க்கலாம். இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்த பிறகும் மனம் ஒப்பவில்லை. மறுபக்கம், நாங்கள் மூன்று பேரும் ஒரே பைக்கில் நெடுஞ்சாலையில் போகும்போது நான் ஒரு நாளும் இப்படி யோசித்ததில்லை. அப்படியானால் இது பயமா, பொறுப்பா என்றும் சந்தேகம் வருகிறது. அவர் நண்பரோடும் நான் வேறொரு பெண்ணோடும் தனித்தனியாகப் போகலாம். ஆனால் நான் பார்க்க ஆசைப்படுவது அவர் பக்கத்தில் இருந்து.

சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு மலை ஏறுகிறவர்கள், கடலில் இறங்குகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். நீங்கள் இருவரும் சேர்ந்தே போகிறீர்களா, மாறி மாறிப் போகிறீர்களா? எந்த வயதில் குழந்தையை விட்டுப் போகத் துணிந்தீர்கள்? எதை வைத்து முடிவு செய்தீர்கள்? தண்ணீர் மறுபடி வடக்கே திரும்புவதற்குள் எனக்கு எழுதுங்கள்.