கடலூரில் வாங்கும் மளிகை

சிதம்பரத்தில் எங்கள் தெருமுனையிலேயே மளிகைக் கடை இருக்கிறது. புதிதாகக் கூட்டுறவுப் பண்டகசாலையும் திறந்தாகிவிட்டது. ஆனாலும் எதிர்வீட்டு ரத்தினம் மாதச் சாமான் வாங்கக் கடலூர் முதுநகருக்கு பஸ் ஏறுகிறார்.

அங்கே பருப்பு மலிவாக இருக்கும் என்று நம்பி இன்று நானும் கூடப் போனேன்.

மலிவு இல்லை.

கடைக்கார பாய் முதலில் மஞ்சள் கிழங்கைப் பொட்டலம் கட்டினார். "மொதல்ல மஞ்சள், அதான் ராசி. அண்ணி சௌக்கியமா அண்ணே?"

"சௌக்கியம் பாய். போன தடவ குடுத்த மஞ்சள் நல்லாயிருந்துச்சின்னு சொன்னா."

ரத்தினத்தின் மனைவி தை மாதம் இறந்துபோனார். சுடுகாடுவரை நானும் போயிருந்தேன்.

பாய் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் அதே தெருவா? அண்ணிய ஒரு தடவ அழைச்சிக்கிட்டு வரச் சொல்லுங்க. எப்பவும் இவரேதான் வர்றாரு."

ரத்தினம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுங்களுக்கு பஸ்ஸு ஒத்துக்காது பாய்" என்றேன்.

திரும்பும் வழியில் ரத்தினம் மெதுவாகச் சொன்னார்: "நம்ம தெருக் கடையில நான் போனா இப்பல்லாம் மஞ்சள் கட்டறதில்ல மச்சான். அவரு மேல தப்பில்ல. நல்ல மனுஷன், துக்கத்துக்கு வந்தவரு."

மனைவி போனதை ஆண்பிள்ளையின் நெற்றி காட்டிக்கொடுப்பதில்லை. அந்தச் சலுகைக்கு இப்படியும் ஓர் உபயோகம் இருக்கிறது.

அடுத்த மாதமும் போகிறோம். யாருக்காவது சாமான் வேண்டுமானால் சொல்லுங்கள், வாங்கி வருகிறேன். கடைக்கு மட்டும் நேரில் வந்துவிடாதீர்கள்.