லென்னின் முழங்கால்

எங்கள் ஈரி நகரத்தில் ஏப்ரலும் குளிர்தான். அந்தக் குளிரில் வாண்டா தினமும் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டினாள். எதிர்வீட்டுக்காரியாய்ப் போன பாவத்துக்கு நானும் கூடவே நடந்தேன்.

பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்குப் பாதி நாள் வேலை. மருத்துவக் காப்பீடு கிடையாது. அரசியல் என்றாலே எழுந்து போய்விடுகிறவள், ரெனே கால்டுவெல் என்ற நர்ஸ் வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடக் கிளம்பியதும் மாறிப்போனாள். குறைந்தபட்சக் கூலியை ஏற்றுவேன், வாடகைக்கு வரம்பு கட்டுவேன், பெரிய கம்பெனிகளிடம் ஒரு டாலர்கூட வாங்கமாட்டேன் என்று ரெனே நிறையச் சொன்னார். வாண்டா காதில் ஏறியது ஒன்றுதான். எல்லோருடைய வைத்தியச் செலவையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும்.

அவள் கணவர் லென்னுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. ரயில் இன்ஜின் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது வேலையோடு காப்பீடும் போயிற்று. வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடு கிடைக்க இன்னும் மூன்று வருஷம் நொண்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒவ்வொரு வாசலிலும் வாண்டாவின் முதல் கேள்வி, ரெனேயின் கட்சிப் பேரில் பதிந்திருக்கிறீர்களா என்பதுதான். எங்கள் மாநிலத்தில், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் இந்த முதல் சுற்றில் கட்சிப் பேரில் பதிந்தவர்கள் மட்டுமே ஓட்டுப் போட முடியும். பதியாதவர்களுக்குக் கெடு எப்போது என்று சொல்வாள். அப்புறம் முழங்கால் கதை. ரெனே தோற்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கும் அவளிடம் நீளமான பதில் இருந்தது. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

லென் என்னிடம் கிண்டலடிப்பார். "என் முட்டியத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் சுத்துறா. வர்றப்ப கொஞ்சம் எண்ணெய் போட்டுக் கொண்டாரச் சொல்லு."

அவரை எப்படியாவது ஓட்டுச்சாவடிக்கு இழுத்துவிட வேண்டும் என்பது அவள் வைராக்கியம். ஊரையே திருப்பினாலும் இவர் வரவில்லையென்றால் என்ன பிரயோஜனம் என்பாள். தேர்தலன்று காலையில் அவர் சவரம் செய்து, சர்ச்சுக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். வாண்டா அவர் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டாள்.

சர்ச்சின் கீழ்த்தளத்தில்தான் சாவடி. மேஜையில் இருந்த பெண் லென்னின் பேரைத் தேடிப் பார்த்துவிட்டு, நீங்கள் எந்தக் கட்சியிலும் இல்லை, இன்று ஓட்டுப் போட முடியாது என்று தன்மையாகச் சொன்னாள். வேலை போன அந்தக் கோடையில், கட்சிக்காரன் ஒருத்தனும் எட்டிப்பார்க்கவில்லை என்ற ஆத்திரத்தில் லென் தன் பதிவை மாற்றியிருக்கிறார். அதை அவரே மறந்துபோயிருந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே."

உண்மைதான். ஊர்க் கதவையெல்லாம் தட்டியவள் சொந்த வீட்டில் கேட்கவில்லை. இரண்டு பேர் மேலும் எனக்கு எரிச்சலாக வந்தது.

வாண்டா மட்டும் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். வெளியே போகும் படியின் அடியில் லென் தடியை ஊன்றி நின்றார்.

"அந்தம்மா தோத்துட்டா என் காலு என்னாகும், வாண்டா?"

கிண்டல் இல்லாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அது. அந்த நீளமான பதிலுக்காக நான் காத்திருந்தேன்.

"கையப் பிடிச்சுக்கோ," என்றாள். "படியெல்லாம் ஈரம்."